முகமூடி ஆட்டத்துக்கு ‘கேரண்டி’ தரும் ஏஜெண்டை நம்பலாமா?

கேள்வி: எனக்கு 61 வயது. சேலத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியை. கணவருக்கு 67. மேற்கு ஆப்பிரிக்க முகமூடி ஆட்டங்களை நேரில் பார்க்க வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. ஜனவரியில் கானா, டோகோ, பெனின் மூன்றுக்கும் சேர்த்து ஒரு ஏஜெண்ட் பேக்கேஜ் தருகிறார். கெலெடே, எகுன்குன், ஸங்பெட்டோ, டோகோன் எல்லா முகமூடிகளும் ‘கேரண்டி’ என்கிறார். கணவர் முடக்குவாதத்துக்கு மெத்தோட்ரெக்சேட் சாப்பிடுகிறார். மஞ்சள் காய்ச்சல் ஊசி பற்றிக் கேட்டால், “ஊசியே வேண்டாம், கார்டு வாங்கித் தருகிறோம்” என்கிறார். நம்பலாமா? ஊருக்கு ஒரு முகமூடி வாங்கி வரலாமா?

பதில்: இந்த ஏஜெண்டுக்கு இன்னும் முன்பணம் கொடுக்கவில்லை என்றால் கொடுக்காதீர்கள். ஆசையைக் கைவிடச் சொல்லவில்லை. ஆளை மாற்றுங்கள் என்கிறேன்.

முதலில் அந்த ‘கேரண்டி’. டோகோன் மக்கள் வாழ்வது மாலி நாட்டின் பாண்டியாகரா மலைச்சரிவில். உங்கள் பேக்கேஜில் மாலியே இல்லை. அப்புறம் டோகோன் முகமூடி எங்கிருந்து வரும்? ஏதாவது ஹோட்டல் முற்றத்தில் நாலு பேருக்கு வேஷம் கட்டி ஆடவிடுவார்கள், அவ்வளவுதான். 60 ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் டோகோன் மக்களின் சிகுய் சடங்கு 1967-ல் தொடங்கி 1973 வரை நடந்தது. அடுத்தது 2027-ல் வர வேண்டும். அதைச் சொல்லி ஆள் பிடிக்கிறவர்களும் வருவார்கள். மாலி இன்று சுற்றுலா போகிற இடம் இல்லை. 2025 ஜூலையில் அங்கே கயேஸ் பகுதி சிமெண்ட் ஆலையில் வேலை பார்த்த இந்தியர்கள் மூவர் கடத்தப்பட்டார்கள். அந்தப் பக்கம் போகவே வேண்டாம்.

மற்ற மூன்றும் பெனினின் தெற்கில் உயிரோடு இருப்பவை. ஜனவரி இரண்டாம் வாரத்தில் அங்கே வோடுன் என்ற பாரம்பரிய வழிபாட்டின் திருநாள், அரசு விடுமுறை. அதை ஒட்டிய நாட்களில் உய்தா ஊரில் பெரிய விழா நடக்கும். எகுன்குன், ஸங்பெட்டோ இரண்டையும் பார்க்க வாய்ப்பு அதிகம். எகுன்குன் என்பது இறந்துபோன முன்னோர் திரும்பி வருவது. உடம்பு துளிகூடத் தெரியாமல் அடுக்கடுக்கான துணிப் பட்டைகள். அந்தத் துணி மேலே படக் கூடாது என்று கோலோடு ஆட்கள் கூடவே ஓடுவார்கள். அவர்கள் தள்ளிப்போகச் சொன்னால் உடனே தள்ளிப்போங்கள். ஸங்பெட்டோ இரவில் ஊரைக் காவல் காக்கும் சக்தி. வைக்கோல் போர் ஒன்று தானாகச் சுழன்று வருவதுபோல் இருக்கும். கவிழ்த்துக் காட்டும்போது உள்ளே ஆள் இருக்க மாட்டார். “உள்ளே யார்?” என்று வழிகாட்டியை நச்சரிக்க வேண்டாம். அவர்களுக்கு அது வழிபாடு.

கெலெடே வேறு மாதிரி. அதுதான் இவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது. யொருபா மக்களுடையது. கேட்டு என்ற ஊரைத்தான் அதன் பிறப்பிடமாகச் சொல்வார்கள். ஆதித்தாயையும், ஊரில் உள்ள மூத்த பெண்களின் சக்தியையும் மகிழ்விக்க ஆண்கள் பெண் வேடமிட்டு ஆடுகிறார்கள். முகமூடியைத் தலைமேல் சாய்த்து வைத்துக்கொள்வார்கள். அதன் உச்சியில் பாம்பு, பறவை, மோட்டார் சைக்கிள் என்று ஊரார் அன்றாடம் காண்கிற எல்லாம் மரச்சிற்பமாக இருக்கும். இரவில் எஃபே முகமூடி வந்து ஊர்க்குற்றங்களைப் பாட்டிலேயே குத்திக்காட்டும். மறுநாள் ஜோடி ஜோடியாக வந்து, முரசு சொல்லும் ஒவ்வொரு அடிக்கும் காற்சலங்கை பதில் சொல்கிற மாதிரி ஆடுவார்கள். யுனெஸ்கோ 2008-ல் தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது. ஆனால் கெலெடே அறுவடைக்குப் பிறகும், முக்கியமான ஊர் நிகழ்வுகளின்போதும், பஞ்சமோ நோயோ வந்தாலும்தான் நடக்கும். உங்கள் விமான டிக்கெட்டைப் பார்த்து நடக்காது. ஏஜெண்டிடம் மூன்றே கேள்வி கேளுங்கள்: எந்த ஊர், என்ன காரணத்துக்காக ஆடுகிறார்கள், பணம் யார் கைக்குப் போகிறது? “பயணிகளுக்காகவே ஆடுகிறார்கள்” என்று ஒளிக்காமல் சொன்னால் அதில் தவறே இல்லை. அந்தக் குழுவும் பிழைக்க வேண்டும். “ரகசியச் சடங்கு, உங்களுக்கு மட்டும்” என்று சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

இப்போது கார்டு. இதை நிதானமாகப் படியுங்கள், இதில் உங்கள் கணவரின் உயிர் இருக்கிறது. மஞ்சள் கார்டு என்பது ஊசி போட்டதற்கான சான்று. ஊசி போடாமல் வாங்கினால் அது போலி ஆவணம். பிடிபட்டால் வரும் சிக்கல் ஒருபக்கம் இருக்கட்டும், இந்தக் காய்ச்சலைப் பரப்பும் கொசு கார்டைப் பார்த்துக் கடிப்பதில்லை. மஞ்சள் காய்ச்சலுக்குத் தனி மருந்தும் கிடையாது. அதே சமயம் அந்த ஊசியையும் கண்ணை மூடிக்கொண்டு போட முடியாது. அதில் இருப்பது வீரியம் குறைத்த உயிருள்ள கிருமி. 60 வயதுக்கு மேல் முதல்முறை போடுகிறவர்களுக்கு, அரிதாக என்றாலும், கடுமையான பக்கவிளைவு சற்று அதிகம். அதனால் நீங்களும் மருத்துவரைக் கேட்டுத்தான் போட வேண்டும். உங்கள் கணவருக்கு இன்னொரு சிக்கல்: மெத்தோட்ரெக்சேட் நோய் எதிர்ப்பைக் குறைக்கும் மருந்து. அப்படிப்பட்டவர்களுக்கு இந்த ஊசியைப் பொதுவாகத் தவிர்ப்பார்கள். டூருக்காக மாத்திரையைத் தானாக நிறுத்திவிடாதீர்கள். மூட்டு மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

‘உடல்நிலை காரணமாக ஊசி கூடாது’ என்று மருத்துவர் எழுதித் தரும் விலக்குச் சான்று ஒன்று உண்டு. அது காகிதத்தில்தான் விலக்கு. அங்கே இறங்கும்போது அதிகாரி ஏற்கலாம், ஏற்காமலும் போகலாம். திரும்பி வரும்போது, செல்லத்தக்க ஊசிச் சான்று இல்லாதவரை 6 நாள் வரை தனிமையில் வைக்க இந்திய விதியில் இடம் இருக்கிறது. ஏற்றுக்கொண்டாலும் உடம்பில் பாதுகாப்பு இல்லை என்பது மாறாது. காம்பியா, ஐவரி கோஸ்ட் என்று திசை மாற்றினாலும் இதே கதைதான். மருத்துவர் வேண்டாம் என்றால் கணவர் வீட்டில் இருக்க, நீங்கள் ஒரு குழுவோடு போய் வரலாம். வருத்தமான பதில்தான், ஆனால் வேறு பதில் இல்லை.

ஊசி அரசு அங்கீகரித்த மையத்தில் மட்டுமே செல்லும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். போட்ட 10 நாளுக்குப் பிறகுதான் சான்று செல்லுபடியாகும், அப்புறம் ஆயுளுக்கும் போதும். மாவட்டத் தலைநகர் மருத்துவமனையிலேயே இதைப் போட்டால் என்ன குறைந்துவிடும்? ஒரே ஒரு ஊசிக்கு ஊர் விட்டு ஊர் அலைய வைத்தால், கார்டு விற்கிறவன் பின்னால் ஜனங்கள் போகாமல் என்ன செய்வார்கள்? இதைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது.

விசாவில் ஒரு பொறி. கானாவின் தலைநகர் அக்ராவில் இறங்கி, டோகோ, பெனின் போய், மறுபடி அக்ரா வழியாகத் திரும்புவதாக இருந்தால் கானாவுக்கு இருமுறை நுழையும் விசா வேண்டும். பெனின் விசாவை அந்நாட்டு அரசின் ஈ-விசா தளத்திலேயே நீங்களே எடுக்கலாம். அதே மாதிரித் தோற்றத்தில் கூடுதல் பணம் பிடுங்கும் தளங்கள் உண்டு, கவனம்.

படம் எடுப்பதற்கு ஒவ்வொரு ஊரிலும் முன்பே அனுமதி கேளுங்கள். பெனினின் தென்கிழக்கில் யொருபா ஊர்களில் ஒரோ என்ற, ஆண்கள் மட்டுமே காணக்கூடிய தெய்வம் வெளியே வரும் இரவில் பெண்கள் கதவைச் சாத்தி உள்ளே இருக்க வேண்டும். வழிகாட்டி சொன்னால் வாதாட வேண்டாம்.

முகமூடி தாராளமாக வாங்கலாம், புதிதாகச் செதுக்கியதை. செதுக்கியவரிடமே வாங்கி ரசீது கேளுங்கள். “நூறு வருஷத்துப் பழசு” என்று காட்டுவது பெரும்பாலும் புகையிலும் சேற்றிலும் பழசாக்கியது. நிஜமாகவே பழசு என்றால் அது இன்னும் மோசம், அந்த ஊரின் சொத்து திருடு போகிறது என்று அர்த்தம். பிரான்ஸ் கொண்டுபோன 26 அரண்மனைப் பொருள்கள் 2021 நவம்பரில்தான் பெனினுக்குத் திரும்பின. டோகோவின் லோமே நகரில் உள்ள அகொடெசேவா சந்தையில் மண்டையோடு, தோல், பல் எல்லாம் கிடைக்கும். பார்த்துவிட்டு வெறுங்கையோடு வாருங்கள். வனவிலங்குப் பாகம் ஒட்டியிருந்தால், வாங்கிய முகமூடியும் சுங்கத்தில் மாட்டும்.