மலையூரில் கோடைக் கச்சேரி: வாசகர் கேள்வி – பதில்

கோத்தகிரி அருகே எங்கள் ஊர்ப் பள்ளி மைதானத்தில் மே மாத ஞாயிறுகளில் மாலை 6 மணிக்குக் கச்சேரி வைக்க நினைக்கிறோம். 200 பேர் வரலாம். எதில் கவனம் தேவை?
– வாசகர், கோத்தகிரி

முதலில் அந்த 6 மணியை மாற்றுங்கள். காலை 10 மணிக்குத் தொடங்கி 12.30-க்குள் மங்களம் பாடி முடிப்பதுதான் நீலகிரிக்கு ஏற்றது. கோடை மழை பெரும்பாலும் பிற்பகலில்தான் இடியோடு வரும். அது விட்டாலும் மாலையில் மூடுபனியும் ஈரமும் தோல் வாத்தியங்களைப் படுத்திவிடும். இருட்டிய பின் தேயிலைத் தோட்டத்துப் பாதையில் குழந்தைகளோடு வீடு திரும்புகிறவர்கள் காட்டெருமையையோ கரடியையோ எதிர்கொள்ள நேரலாம். இது ஒன்றே போதும், நேரத்தை மாற்ற.

ஒலியிலும் ஒரு காரணம் உண்டு. பகலில் தரையை ஒட்டிய காற்று சூடாக இருப்பதால் ஒலி மேல்நோக்கி வளைந்து கலைந்துவிடும். வெயில் இறங்கியதும் பள்ளத்தாக்கு முதலில் குளிர்கிறது. மேலே இருக்கும் காற்று வெதுவெதுப்பாகவே நிற்கிறது. அப்போது ஒலி கீழ்நோக்கி வளைந்து நெடுந்தூரம் போகும். பகலில் எதுவுமே கேட்காத எதிர்மலை ஊரில் மாலைக் கச்சேரி பக்கத்துவீட்டு வானொலி போலக் கேட்பது இதனால்தான். புகாரும் அங்கிருந்துதான் வரும்.

மேடையைச் சரிவின் அடியில் போட்டு, கேட்பவர்களைச் சரிவில் உட்காரவையுங்கள். ஒலிபெருக்கிகள் அவர்களை நோக்கியே இருக்கட்டும். பள்ளத்தாக்கின் குறுக்கே வேண்டாம். எதிரே 85 மீட்டரில் ஒரு பாறைச் சுவர் இருந்தால் ஒலி போய்த் திரும்ப அரை நொடி ஆகும். மிருதங்கத்தின் கோர்வை அந்த எதிரொலியில் குழம்பி, பாடுகிறவரே தாளத்தில் தடுமாறுவார். இடத்தைத் தேர்ந்தெடுக்கும் நாளிலேயே மேடை வரும் இடத்தில் நின்று பலமாக ஒருமுறை கைதட்டிப் பாருங்கள். தட்டிய ஒலி தனியாகத் திரும்பி வந்தால் மேடையின் திசையை மாற்றுங்கள்.

இடியை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மின்னலுக்கும் இடிக்கும் இடையே 30 நொடிக்குக் குறைவாக இருந்தால் கச்சேரியை நிறுத்தி, எல்லோரையும் பள்ளிக் கட்டடத்துக்குள் அனுப்புங்கள். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழித்துத்தான் மறுபடி தொடங்கலாம். இரும்புக் குழாய் நட்ட ஷாமியானா மின்னலுக்கு அடைக்கலம் ஆகாது.

கோவையில் சுருதிப் பெட்டியோடு சரியாக நிற்கும் புல்லாங்குழல் மலையில் இறங்கி ஒலிக்கிறது, வயலினோ ஏறுகிறது. ஏன்?
– வாசகி, கோயம்புத்தூர்

இரண்டையுமே குளிர்தான் செய்கிறது. குழலின் சுருதி உள்ளே இருக்கும் காற்றில் ஒலி செல்லும் வேகத்தைப் பொறுத்தது. 30 டிகிரியிலிருந்து 15 டிகிரிக்குக் காற்று குளிர்ந்தால் வேகம் சுமார் இரண்டரை சதவீதம் குறையும். சுருதி ஏறக்குறைய கால் கட்டை (ஒரு கட்டை என்பது ஒரு முழு ஸ்வர இடைவெளி) இறங்கும். வாசிக்க வாசிக்க மூச்சின் சூட்டில் இதில் ஒரு பகுதி மீளும். ஆனால் தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனத்தின்போது கீழே வைத்த குழல் மறுபடி குளிர்ந்துவிடும். வயலினின் எஃகுத் தந்தி குளிரில் சுருங்க முயலும். இழுவிசை கூடிச் சுருதி ஏறும். மின்னணுச் சுருதிப் பெட்டி இரண்டுக்கும் இடையில் அசையாமல் நிற்பதால் வித்தியாசம் பளிச்சென்று தெரிகிறது.

தந்தியையும் பெட்டியையும் திருகி மாற்றலாம், மூங்கிலை மாற்ற முடியாது. ஆகவே குழல்காரர் ஐந்து நிமிடம் வாசித்துச் சூடேற்றிய பின், சுருதிப் பெட்டியின் நுண்திருகியால் பெட்டியைக் குழலுக்கு இறக்குங்கள். வயலினும் மிருதங்கமும் அதற்குச் சேரட்டும். வாசிக்காத நேரத்தில் குழல் சால்வைக்குள் இருக்க வேண்டும். குழலோடு ஹார்மோனியம் இருந்தால் இந்த வழி செல்லாது, அதன் சுருதி இறங்காது. அந்த இரண்டையும் ஒரே மேடையில் ஏற்றாமலிருப்பது நல்லது.

மிருதங்கத்தில் ஈரக்காற்று தோலைத் தளர்த்தும், வலந்தலை எனும் வலப்பக்கத் தோலின் சுருதி இறங்கும். வித்வான் மேடைக்கு ஒரு மணி நேரம் முன்பே வந்து, உறையைக் கழற்றி, வாத்தியத்தை அந்தக் காற்றுக்குப் பழக்கிய பிறகே சுருதி சேர்க்க வேண்டும். சேர்த்த கையோடு வெயிலில் வைத்தால் தோல் இறுகி ஏறிவிடும். சிறிய தோற்கருவியான கஞ்சிராதான் இதில் மிகவும் சிரமப்படும். மண்பானையான கடத்துக்கு இந்தத் தொல்லை இல்லை.

வீணையைக் காரில் கொண்டுவருகிறோம். குளிரில் ஏதும் ஆகுமா?
– வாசகி, திருப்பூர்

குளிரைவிட வழியில் படும் வெயில்தான் ஆபத்து. வீணையில் தந்தியை அழுத்தும் உலோகப் பட்டைகளான மெட்டுகள் மெழுகில் பதிந்திருக்கின்றன. மேட்டுப்பாளையத்தில் சாப்பிட இறங்கி, மூடிய காரை வெயிலில் நிறுத்தினால் மெழுகு இளகி மெட்டு நகரும்; மேலே வந்து சுருதி சேர்த்தாலும் ஸ்வரம் பேசாது. இருக்கையில் படுக்கவைத்து, வளைவுகளில் உருளாமல் இருபுறமும் தலையணை கொடுங்கள். வெளிமாவட்ட வண்டி என்றால் இ-பாஸ் முன்கூட்டியே எடுத்துவிடுங்கள். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் அது நடைமுறையில் இருக்கிறது.

5 கேவிஏ ஜெனரேட்டர் போதுமா? அனுமதி எங்கே வாங்குவது?
– வாசகர், கூடலூர்

உயரத்தில் காற்று மெலிந்திருப்பதால் டர்போ இல்லாத எஞ்சின் முழுத் திறனைத் தராது. 1,900 மீட்டரில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். 5 கேவிஏவை 4 என்று கணக்கிடுங்கள். 200 பேருக்கு இரண்டு ஒலிபெருக்கி, ஒரு மிக்சர், ஆறு மைக் என்றால் அது தாராளம். சுமையை ஏற்றுவது மேடைக்குப் பின்னால் செருகும் மின்கெட்டில்தான். பெரும்பாலும் 1,500 வாட் அளவுக்கு இழுக்கும். தேநீரை எரிவாயு அடுப்பில் போடுங்கள். ஈரத்தரையில் மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இல்லாமல் எந்த இணைப்பும் கொடுக்கக்கூடாது. மைக்குகளுக்குப் பஞ்சு உறை மாட்டி, பாட்டுக்கும் வயலினுக்கும் 100 ஹெர்ட்சுக்குக் கீழே உள்ள ஒலியை மிக்சரில் வெட்டினால் காற்றின் உறுமல் அடங்கும். மிருதங்கத்துக்கு வெட்ட வேண்டாம், தொப்பி எனும் இடப்பக்கத்தின் நாதம் போய்விடும்.

ஒலிபெருக்கிக்குக் காவல் துறையிடம் எழுத்துமூலம் அனுமதி வேண்டும். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி திறந்தவெளியில் இரவு 10 முதல் காலை 6 வரை தடை. மருத்துவமனையோ பள்ளியோ 100 மீட்டருக்குள் இருந்தால் அது அமைதி மண்டலமா என்பதையும் அங்கேயே கேட்டுவிடுங்கள்.

ஐந்து வாரமும் கர்நாடக இசைதானா? நீலகிரிப் பழங்குடிகளான கோத்தரின் இசைக்கு இடம் தரலாமா?
– வாசகர், குன்னூர்

ஒரு ஞாயிறு முழுவதையும் தாருங்கள். இரண்டு கச்சேரிக்கு நடுவே பத்து நிமிட இடைவெளியை நிரப்ப அழைப்பது மரியாதை அல்ல. சன்மானமும் மற்றவர்களுக்குத் தருவதே. கோத்தரின் கோல் என்னும் குழல் நாதஸ்வரத்தைப் போலச் சீவாளி வைத்து ஊதுவது. தோற்கருவிகளோடு சேர்ந்தால் திறந்தவெளியில் மைக்கே வேண்டாம். தெய்வத்துக்கு, சாவுக்கு, ஆட்டத்துக்கு என்று அவர்களுக்குத் தனித்தனி மெட்டுகள் உண்டு. எதைப் பொதுவில் வாசிக்கலாம் என்பதை அவர்கள்தான் முடிவு செய்ய வேண்டும். பட்டியல் கேட்டு வற்புறுத்தாதீர்கள். மேடையும் தேவையில்லை. பத்து மீட்டர் அகலத்துக்கு வட்டமாகப் புல்தரையை விட்டுவிட்டு, கேட்பவர்களைச் சுற்றி அமர்த்துங்கள். பறைத்தோலைக் காய்ச்ச நெருப்பு மூட்டுவார்கள். அதற்கான இடத்தை ஷாமியானாத் துணிக்கும் ஜெனரேட்டருக்கும் எட்டாத தூரத்தில், காற்று போகும் பக்கமாக முன்பே ஒதுக்கி, பக்கத்தில் இரண்டு வாளி மணல் வையுங்கள்.