ஹெட்போனில் இசை போட்டால் அம்மா பதறுகிறார்

கேள்வி: முள்ளியவளையில் இருக்கிறோம். அம்மாவுக்கு 58 வயது. 2009 இல் யுத்தம் முடியும்வரை உள்ளே இருந்தவர். இரவு இரண்டு மணிக்கு மேல் நித்திரை இல்லை, வெடிச்சத்தம் கேட்டால் உடம்பு நடுங்கும். மூன்று மாதமாகக் கிளினிக்கில் குளிசை எடுக்கிறார். யூடியூபில் வரும் ‘432 ஹேர்ட்ஸ்’ இசையை ஹெட்போனில் போட்டுக் கொடுத்தோம். பத்து நிமிடத்தில் பதறிக் கழற்றிவிட்டார். காதுக்குள் இரைகிறது என்றும் சொல்கிறார். குளிசையை நிற்பாட்டி இசையால் குணப்படுத்தலாமா?

பதில்: முதலில் குளிசை. அதை நீங்களாக நிற்பாட்ட வேண்டாம். மனநலக் குளிசைகளைத் திடீரென விட்டால் தலைச்சுற்று, படபடப்பு, நித்திரைக் குழப்பம் வரலாம். வருத்தம் திரும்பிவிட்டது என்று வீட்டில் பயந்துபோவார்கள். குறைப்பதென்றால் கிளினிக் டொக்டர்தான் படிப்படியாகக் குறைக்க வேண்டும். இசை குளிசையோடு சேர்ந்து உதவும், அதன் இடத்துக்கு வராது.

432 என்ற எண்ணில் மந்திரம் எதுவும் இல்லை. வாத்தியங்களுக்குச் சுருதி சேர்க்க உலகெங்கும் பெரும்பாலும் 440 ஹேர்ட்ஸை வைத்துக்கொள்கிறார்கள். 432 அதைவிடச் சற்று இறங்கிய சுருதி, அவ்வளவுதான். அது நோய் தீர்க்கும் என்பதற்கு நம்பத்தக்க ஆதாரம் இல்லை.

அம்மா பதறியதற்கு இசையைவிட ஹெட்போன்தான் காரணமாக இருக்கலாம். ஷெல் வரும் திசையைக் காதாலேயே கணித்துத் தப்பியவர்களுக்குக் காதை அடைப்பது காவல்காரனைக் கட்டிப்போடுவது மாதிரி. வெளியில் என்ன நடக்கிறது என்று தெரியாமல் போனதும் நெஞ்சு அடிக்கத் தொடங்கும். இன்னொன்று: பாட்டைத் தெரிந்தெடுத்தது நீங்கள், போட்டதும் நீங்கள். இப்படிப்பட்டவர்களுக்குச் சத்தம் தங்கள் கையில் இருக்க வேண்டும். அம்மாவே தெரிந்தெடுக்கட்டும், அம்மாவே நிற்பாட்டட்டும்.

பகலில் அவரோடு இருந்து ஐந்தாறு பாட்டுகளைத் தெரிந்தெடுங்கள். மெதுவான தாளம் வேண்டும்: 15 செக்கனில் 15 முதல் 20 தட்டு. இடையில் திடீரென மேளமோ குரலோ உயரக்கூடாது. பக்திப்பாட்டு என்றாலே அமைதி என்று எண்ண வேண்டாம். செத்தவீட்டில் சுண்ணம் இடிக்கும்போது பாடுவதும், இழந்தவர்கள் விரும்பிக் கேட்டதும் நெஞ்சைக் கிளறும். இரண்டு மூன்று நாள் பகலில் கேட்டுப் பார்த்து, ஒத்துக்கொண்டவற்றை மட்டும் இரவுக்கு வையுங்கள். கேட்கும்போது அழுவதே கெடுதல் அல்ல. அரை மணித்தியாலத்துக்குப் பிறகு ஆறியிருக்கிறாரா, இன்னும் கலங்கியிருக்கிறாரா என்று பாருங்கள். கலங்கியிருந்தால் அந்தப் பாட்டை எடுத்துவிடுங்கள்.

இரவில் சின்ன ஸ்பீக்கரைப் படுக்கையிலிருந்து இரண்டு மூன்று மீற்றர் தள்ளி வையுங்கள். குரலை உயர்த்தாமல் கதைக்கக்கூடிய அளவுச் சத்தம் போதும். யூடியூபில் நேரடியாகப் போட்டால் நடுவில் விளம்பரம் அலறி எழுப்பிவிடும். பாட்டுகளைப் போனில் சேமித்து, 45 நிமிடத்தில் தானாக நிற்கும்படி டைமர் வையுங்கள். நாளுக்கு 25 முதல் 60 நிமிடம் கேட்டவர்களிடம் நித்திரையின் தரம் கூடியதை ஆய்வுகளில் கண்டிருக்கிறார்கள். ஆனால் இரண்டு இரவில் முடிவு கட்டாதீர்கள்; மூன்று கிழமையாவது ஒரே நேரத்தில் போட்டுப் பாருங்கள்.

இரண்டு மணிக்கு முழிப்பு வந்தால் பாட்டைத் தேட வேண்டாம், போன் வெளிச்சம் இருக்கிற நித்திரையையும் கலைக்கும். எழுந்து இருந்து, நாலு எண்ணும்வரை மூக்கால் மூச்செடுத்து, ஆறு எண்ணும்வரை வாயை மூடி ‘ம்ம்ம்’ என்று மெல்ல முனகச் சொல்லுங்கள். ஐந்து நிமிடம் போதும். முனகும்போது வெளிமூச்சு நீள்வதால் இதயத்துடிப்பு தணியும். தலை சுற்றினாலோ விரல் விறைத்தாலோ மூச்சை அளவுக்கு மீறி இழுக்கிறார். நிற்பாட்டிச் சாதாரணமாக மூச்சு விடட்டும். பழைய காட்சி கண்முன் வந்தால் லைற்றைப் போட்டு, பாதத்தை நிலத்தில் ஊன்றி, இன்றைய திகதியையும் இருக்கும் இடத்தையும் வாய்விட்டுச் சொல்லட்டும்.

காது இரைச்சலைத் தனியாகப் பார்க்க வேண்டும். குண்டு வெடித்த அதிர்ச்சியில் உள்காது பழுதானால் வருடக்கணக்கில் இரையும், ஊர் அடங்கியதும் அது இன்னும் பெரிதாகக் கேட்கும். வெறும் குறும்பியாகவும் இருக்கலாம். எண்ணெய் விடாமல் காது, மூக்கு, தொண்டை கிளினிக்கில் காட்டிக் கேள்திறனைச் சோதியுங்கள். இரைச்சல் ஒரு காதில் மட்டும் என்றாலோ, நாடித்துடிப்போடு சேர்ந்து கேட்டாலோ தாமதிக்க வேண்டாம். கேள்திறன் திடீரெனக் குறைந்தால் அன்றே கொண்டுபோங்கள். அதுவரை இரவில் ஃபான் சத்தம் உதவும். அது இரைச்சலை முழுதாக மூடத் தேவையில்லை, அதைவிடச் சற்றுக் கீழே இருந்தால் சரி.

யுத்தம் முடிந்த மே மாதம் நெருங்கும்போது நித்திரை கூடுதலாகக் குழம்பலாம். அதே பருவத்தில்தான் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலும் வரும். வெடி கொளுத்தும் நேரத்தைக் கோயிலில் கேட்டு அம்மாவுக்கு முன்கூட்டியே சொல்லுங்கள். ‘பயப்பிடாதேங்கோ’ என்பதைவிட ‘எட்டு மணிக்கு வெடி, பத்து நிமிடம்’ என்பது பயன் தரும்.

சாப்பாட்டை வெறுத்தால், ஆளில்லாக் குரல் கேட்கிறது என்றால் அடுத்த கிளினிக் நாளுக்குக் காத்திராமல் கொண்டுபோங்கள். சாகவேண்டும் என்று கதைத்தால் தனியே விடாமல் உடனே வைத்தியசாலைக்குக் கூட்டிப்போங்கள். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு எந்நேரமும் அழைக்கலாம். எந்தப் பாட்டு ஒத்துக்கொண்டது, எத்தனை மணிக்கு முழித்தார் என்று கிளினிக் கொப்பியின் பின்பக்கத்தில் குறித்துக்கொண்டு போனால் குளிசையின் அளவைத் தீர்மானிக்க டொக்டருக்கும் உதவும்.