‘காட்டைக் காக்கும் ஃபண்ட்’ என்கிறார் முகவர்; நம்பலாமா?

கேள்வி: நான் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. ஓய்வுக்கால பலன்களில் மிச்சமாக 12 லட்சம் ரூபாய் வங்கியில் இருக்கிறது. தெரிந்த முகவர் ஒருவர் இ.எஸ்.ஜி. (சுற்றுச்சூழல், சமூகம், நிர்வாகம் ஆகியவற்றைப் பார்த்து முதலீடு செய்யும்) மியூச்சுவல் ஃபண்ட் ஒன்றைப் பரிந்துரைக்கிறார். “பல்லுயிர்களைப் பாதுகாக்கும் நிறுவனங்களுக்கு மட்டுமே உங்கள் பணம் போகும். செபியே சான்று கொடுத்திருக்கிறது” என்கிறார். பேரப்பிள்ளைகள் காலத்திலும் காடு இருக்க வேண்டும் என்ற ஆசையில் கேட்கிறேன். இதை நான் எப்படிச் சரிபார்ப்பது?

பதில்: அம்மா, முகவர் சொன்ன இரண்டு வாக்கியங்களிலும் கோளாறு இருக்கிறது. இரண்டாவதை முதலில் முடித்துவிடுவோம். பங்குச் சந்தையையும் ஃபண்டுகளையும் ஒழுங்குபடுத்தும் அமைப்பான செபி எந்த ஃபண்டுக்கும் நற்சான்றிதழ் கொடுப்பதில்லை. பதிவு செய்கிறது, விதிமுறை வகுக்கிறது, அவ்வளவுதான். ஆர்.டி.ஓ. அலுவலகம் உரிமம் கொடுத்ததால் அந்த ஓட்டுநர் விபத்தே செய்யமாட்டார் என்று யாராவது சொல்வார்களா? ‘செபி சான்று’ என்று பேச ஆரம்பிப்பவரிடம் அடுத்த வாக்கியத்தையும் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் கேட்க வேண்டும்.

இனி அந்த ‘மட்டுமே’. இ.எஸ்.ஜி. ஃபண்டுகளை செபி 2023-இல் ஆறு வகையாகப் பிரித்தது. எந்த வகை என்பது ஃபண்டின் பெயரிலேயே தெரிய வேண்டும். குறைந்தது 80 சதவீதப் பணம் அந்த வகைக்குரிய உத்தியின்படியே முதலீடாக வேண்டும். ஆறில் ஒன்று ‘விலக்கல்’ வகை. புகையிலை, மது, சூதாட்டம் போன்ற துறைகளைத் தவிர்த்தாலே ஒரு ஃபண்ட் இந்தப் பெயரை வாங்கிவிடலாம். அதற்கும் காட்டுக்கும் என்ன தொடர்பு? ஆகவே முகவரிடம் ஃபண்டின் முழுப் பெயரை எழுதி வாங்குங்கள். பிறகு அதன் மாதாந்திர அறிக்கையில் முதல் பத்து நிறுவனங்களின் பட்டியலைப் பாருங்கள். பெரும்பாலும் வங்கிகளும் மென்பொருள் நிறுவனங்களும்தான் முன்வரிசையில் நிற்கும். புலிக்கும் மயிலுக்கும் அங்கே யாரும் பாய் விரித்து வைத்திருக்கவில்லை.

அந்தப் பத்தில் ஏதாவது ஒரு நிறுவனத்தின் ஆண்டறிக்கையை இணையத்தில் திறந்துகொள்ளுங்கள். சந்தை மதிப்பில் முதல் 1,000 இடங்களில் உள்ள பட்டியலிட்ட நிறுவனங்கள் 2022-23 முதல் ‘வணிகப் பொறுப்பு மற்றும் நிலைத்தன்மை அறிக்கை’ தர வேண்டும் என்பது கட்டாயம். அதில் ஒன்பது கோட்பாடுகள் உண்டு. உங்களுக்கு வேண்டியது சுற்றுச்சூழல் பற்றிய ஆறாவது. அங்கே ஒரு சிறிய அட்டவணை வரும். தேசியப் பூங்கா, சரணாலயம், ஈரநிலம், காடு, கடற்கரை ஒழுங்குமுறை மண்டலம் போன்ற இடங்களிலோ அருகிலோ சுற்றுச்சூழல் அனுமதி தேவைப்படும் ஆலையோ அலுவலகமோ இருந்தால் இடத்தைக் குறிப்பிட வேண்டும்; என்ன வேலை நடக்கிறது என்று சொல்ல வேண்டும்; அனுமதியின் நிபந்தனைகள் கடைப்பிடிக்கப்படுகின்றனவா என்பதற்கு ஆம், இல்லை என்று பதில் எழுத வேண்டும். அதற்குக் கொஞ்சம் கீழே, சுற்றுச்சூழல் சட்டங்களை மீறியதற்காக மாசுக் கட்டுப்பாட்டு வாரியமோ நீதிமன்றமோ அபராதம் விதித்ததா என்ற கேள்வி இருக்கும். முகவரின் வழவழப்பான கையேட்டை விட இந்த இரண்டு கேள்விகள் உங்களுக்கு அதிகம் சொல்லும்.

சரி, அந்த ஆலையால் அங்குள்ள உயிரினங்களுக்கு என்ன பாதிப்பு, அதைத் தடுக்க என்ன செய்தார்கள்? இந்தக் கேள்வியும் அறிக்கையில் இருக்கிறது. ஆனால் ‘முன்னோடி’ப் பிரிவில் இருக்கிறது. அதாவது, விருப்பம் இருந்தால் பதில் எழுதலாம், இல்லையென்றால் விட்டுவிடலாம். அறிக்கையில் வெளியார் சரிபார்ப்புக்கு உட்படும் பகுதிக்கு ‘கோர்’ என்று பெயர். அதில் கார்பன், தண்ணீர், எரிசக்தி, கழிவு, பணியாளர் நலன் என்று ஒன்பது விஷயங்கள். பல்லுயிர் அந்த ஒன்பதில் இல்லை. பாதிப்பைச் சொல்வது கட்டாயம் இல்லை. சொன்னாலும் அந்தச் சரிபார்ப்பு அதைத் தொடுவதில்லை. 2022 டிசம்பரில் மாண்ட்ரியலில் உலக நாடுகள் ஏற்ற பல்லுயிர் உடன்பாட்டின் 15-ஆவது இலக்கு என்ன சொல்கிறது தெரியுமா? பெரிய நிறுவனங்களும் நிதி நிறுவனங்களும் தங்கள் பல்லுயிர்ப் பாதிப்புகளை வெளிப்படையாகச் சொல்வதை அரசுகள் உறுதிசெய்ய வேண்டும் என்கிறது. இந்தியாவும் அந்த மேசையில் உட்கார்ந்திருந்தது. மூலப்பொருள் எந்தக் காட்டை அழித்து வந்தது என்று தெரிய சப்ளையர்கள் வரை போக வேண்டும். முதல் 250 நிறுவனங்களிடம் சப்ளையர்களைப் பற்றி, அந்த ‘கோர்’ விஷயங்களை மட்டுமாவது, கேட்கப்போவதாக செபி சொன்னது. பிறகு அதைத் தள்ளிப்போட்டு, 2025-இல் அதையும் ‘விருப்பம்’ ஆக்கிவிட்டது. எனக்கு அலுத்துவிட்டது.

வங்கிகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். உங்கள் ஃபண்டில் அவைதான் நிறைய இருக்கப் போகின்றன. வங்கியின் அறிக்கையில் அந்த அட்டவணைக்கு நேரே பெரும்பாலும் ‘பொருந்தாது’ என்றிருக்கும். அது பொய் இல்லை. வங்கிக் கிளை கடைத்தெருவில் இருக்கிறது, சரணாலயத்தில் இல்லை. ஆனால் அதே வங்கி ஒரு கல்குவாரிக்கோ, மலையைக் குடையும் சாலைக்கோ, சதுப்புநிலத்தை நிரப்பும் குடியிருப்புத் திட்டத்துக்கோ கடன் கொடுத்திருக்கலாம். வங்கியின் தொழிலே கடன்தான். அதன் கிளைகளில் எத்தனை எல்.இ.டி. விளக்கு மாட்டினார்கள் என்று அறிக்கையில் பக்கம் பக்கமாக இருக்கும். கடன் போன இடத்தில் குளம் இருந்ததா என்பது அந்த அட்டவணையில் எங்குமே வராது. எனவே வங்கி என்று வந்தால் அட்டவணையை விட்டுவிடுங்கள். கடன் கொடுக்கும் முன் சுற்றுச்சூழல் ஆய்வு செய்யும் கொள்கை உண்டா, இன்ன தொழிலுக்குக் கடன் இல்லை என்ற பட்டியல் உண்டா என்று மட்டும் தேடுங்கள். இரண்டும் இல்லாத வங்கியைக் காட்டி ஒருவர் ‘பல்லுயிர்’ என்று பேசினால், தேநீர் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

மரக்கன்று நடும் புகைப்படங்களிலும் மயங்க வேண்டாம். சட்டப்படி பெரிய நிறுவனங்கள் மூன்று ஆண்டு சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவழிக்க வேண்டும். அந்தப் பணத்தில் நட்ட கன்றுகள் அவை. லாபம் எந்த நிலத்தில் சம்பாதிக்கப்பட்டது என்பது வேறு கணக்கு. தவிர, மரம் நட்டாலே பல்லுயிர் பெருகும் என்பதும் இல்லை. நீலகிரிக்குப் போனால் பாருங்கள்: புல்வெளியாக இருந்த மலைச்சரிவுகளில் சீகையும் தைலமரமும் நட்டு, சோலையையும் புல்லையும் நம்பி வாழ்ந்த உயிர்களின் இடத்தைச் சுருக்கியிருக்கிறோம். தூரத்திலிருந்து பார்த்தால் நல்ல பச்சைதான்.

நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். இப்படிப்பட்ட முகவர்களின் பையில் இரண்டாவது காகிதம் ஒன்று இருக்கும். ஃபண்டுக்கு நீங்கள் தலையாட்டினால் அது வெளியே வரும். ஒருமுறை என்னிடம் வந்த ஒரு பெரியவர் அப்படி ஒரு காகிதத்தை மேசையில் விரித்தார்: சந்தன மரத் திட்டம், ஒவ்வொரு கன்றுக்கும் பேரன் பேத்தி பெயர் பொறித்த தகடு, சில ஆண்டுகளில் பல மடங்கு பணம், கார்பன் வருமானம் தனி. ஆசையோடு தகட்டில் எந்தப் பெயரைப் போடுவது என்பது வரை யோசித்துவிட்டார். 1990-களின் தேக்கு மரத் திட்டங்களில் மக்கள் பணத்தைத் தொலைத்த பிறகுதான் 1999-இல் செபி கூட்டு முதலீட்டுத் திட்டங்களுக்கு விதிமுறை கொண்டுவந்தது. உங்களையும் என்னையும் போன்ற பலரிடம் பணம் திரட்டி, அவர்களே மரம் வளர்த்து லாபம் தருவதாகச் சொன்னால், அந்த விதியின் கீழ் பதிவு எண்ணைக் கேளுங்கள். எண் இல்லையென்றால் பேச்சு அதோடு முடிந்தது. ‘விண்ணப்பித்திருக்கிறோம்’ என்பது எண் ஆகாது.

மறுபடியும் ஃபண்டுக்கு வருகிறேன். உங்கள் பணத்தில் பங்கு வாங்கிய நிறுவனங்கள் கொண்டுவரும் தீர்மானங்களில் ஃபண்ட் நிறுவனம் உங்கள் சார்பில் வாக்களிக்கிறது. எப்படி வாக்களித்தது, ஏன் என்பதைக் காலாண்டுதோறும் இணையதளத்தில் போட வேண்டும், இ.எஸ்.ஜி. ஃபண்ட் என்றால், சுற்றுச்சூழல், சமூகம், நிர்வாகம் இவற்றுக்காக ஆதரித்ததா எதிர்த்ததா என்றும் சொல்ல வேண்டும். ஒரு மாலை நேரம் ஒதுக்கி இருபது தீர்மானங்களைப் படியுங்கள். எல்லாவற்றுக்கும் நேரே ‘சட்டப்படி உள்ளது, ஆதரிக்கிறோம்’ என்ற ஒரே வரி இருந்தால், அங்கே யாரும் எதையும் படிக்கவில்லை. நிறுவனங்களின் இயக்குநர்களுக்கு 2013-ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 166-ஆவது பிரிவு சுற்றுச்சூழல் பாதுகாப்பையும் கடமையாக வைத்திருக்கிறது. அவர்களின் இடர் மேலாண்மைக் குழு நிலைத்தன்மை சார்ந்த இடர்களையும் பார்த்தாக வேண்டும். அந்தக் குழு ஆண்டில் எத்தனை முறை கூடியது, யார் யார் வந்தார்கள் என்பது நிர்வாக அறிக்கையில் இருக்கும். நீங்களே நேரடியாகப் பங்கு வைத்திருந்தால், ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் பேசப் பெயர் பதிந்து, “நம் ஆலைகளில் எது எந்த நீர்நிலைக்கு அருகில் இருக்கிறது, இந்தக் குழு அதைப் பற்றிப் பேசியதா?” என்று கேளுங்கள். உங்களைப் போல வகுப்பில் நின்று பழகியவர்கள் கேட்டால் மழுப்புவது கடினம்.

கடைசியாக உங்கள் 12 லட்சம். இது பங்குச் சந்தை ஃபண்ட். காடு வளர்ந்தாலும் சந்தை விழுந்தால் பணம் குறையும். மாதச் செலவுக்கும் மருத்துவத்துக்கும் வேண்டியதை இதில் போடாதீர்கள். எட்டு, பத்து ஆண்டுகளுக்குத் தொடத் தேவையில்லாத தொகை மட்டும் போதும். அதையும் முகவர் வழியாக இல்லாமல் ‘டைரக்ட்’ திட்டத்தில் போடுங்கள்; அவருக்கு ஆண்டுதோறும் போகும் கமிஷன் உங்கள் கணக்கிலேயே நிற்கும். முகவர் அடுத்த முறை வரும்போது ஃபண்டின் முழுப் பெயரையும், அதில் உள்ள வங்கிகளின் கடன் கொள்கையையும் மட்டும் கேட்டுப் பாருங்கள்.