கட்சியிலிருந்து நீக்கினால் கோர்ட்டுக்குப் போகலாமா?

இந்த முறை வந்த கேள்விகளில் சொத்துத் தகராறை விடக் கட்சித் தகராறுகளே அதிகம். உங்கள் கட்சி எது என்று நான் கேட்கப்போவதில்லை. எல்லாக் கட்சிக்கும் சட்டம் ஒன்றுதான்.

அண்ணாச்சி, எங்கள் ஊர்க் கிளையில் நெடுங்காலமாகச் செயலாளராக இருந்தேன். போன மாதம் கட்சிப் பத்திரிகையில் பெட்டிச் செய்தி போட்டு என்னை நீக்கிவிட்டார்கள். ஒரு நோட்டீஸ்கூட வரவில்லை. வழக்குப் போட முடியுமா? (அம்பாசமுத்திரம்)

போடலாம். வேறு சட்டம் தடுக்காதவரை எந்த உரிமையியல் வழக்கையும் விசாரிக்க சிவில் கோர்ட்டுக்கு அதிகாரம் உண்டு. உரிமையியல் நடைமுறைச் சட்டம் 9-வது பிரிவு அதைத்தான் சொல்கிறது. கட்சி என்பது சட்டத்தின் பார்வையில் மனிதர்கள் விரும்பிச் சேர்ந்த ஒரு சங்கம். அதன் சட்டதிட்ட விதிகள் உறுப்பினருக்கும் கட்சிக்கும் இடையிலான ஒப்பந்தம். நீங்கள் உறுப்பினர் படிவத்தில் கையெழுத்துப் போட்டபோது அந்த விதிகளுக்குக் கட்டுப்பட்டீர்கள். கட்சியும் கட்டுப்பட்டது.

ஆனால் கோர்ட் எதைப் பார்க்கும் என்பதைத் தெரிந்துகொண்டு படியேறுங்கள். 1962-ல் டி.பி. டேவர் என்பவர் தன்னை நீக்கிய ஃப்ரீமேசன் என்ற சகோதரத்துவ சங்கத்தின் மீது தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் எல்லையைத் தெளிவாக வகுத்தது. நீக்கியவருக்கு விதிப்படி அந்த அதிகாரம் இருந்ததா, குற்றச்சாட்டைச் சொல்லிப் பதில் கூற வாய்ப்புக் கொடுத்தார்களா, நல்லெண்ணத்தோடு முடிவெடுத்தார்களா என்பதைக் கோர்ட் பார்க்கும். நீங்கள் நல்ல தொண்டரா, துரோகியா என்ற விசாரணைக்குள் அது நுழையாது. டேவர் அந்த வழக்கில் தோற்றார். ஆனாலும் இன்றுவரை உறுப்பினர் வழக்குகளில் அந்தத் தீர்ப்பே துணைக்கு வருகிறது.

நீங்கள் இணைத்திருந்த பெட்டிச் செய்தியைப் படித்தேன். 'கட்டுப்பாட்டை மீறியதாலும், களங்கமும் அவப்பெயரும் உண்டாகும் வகையில் செயல்பட்டதாலும் அடிப்படை உறுப்பினர் பொறுப்பு உள்பட அனைத்துப் பொறுப்புகளிலிருந்தும்' என்று ஒரே மூச்சில் முடித்திருக்கிறார்கள். என்றைக்கு, எந்தக் கட்டுப்பாட்டை மீறினீர்கள் என்று ஒரு வரி இல்லை. சுவர் எழுதியவரையும் பூத்தில் உட்கார்ந்தவரையும் இப்படி நாலு வரியில் வெளியே தள்ளுவது பெரிய அநியாயம். உங்கள் வழக்குக்கு அடித்தளமும் அந்த நாலு வரிதான். விளக்கம் கேட்காமலே நீக்கலாம் என்று உங்கள் கட்சி விதியில் ஏதாவது இருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். பதிவு பெற்ற கட்சிகள் தங்கள் விதிகளைத் தேர்தல் ஆணையத்தில் தாக்கல் செய்திருக்கும். மேல்முறையீட்டுக்கு விதி இருந்தால் முதலில் அதை விரைவுத் தபாலில் அனுப்பி, ஒப்புகையைப் பத்திரப்படுத்துங்கள். உறுப்பினர் அட்டையும் புதுப்பித்த ரசீதும் கையில் இருக்கட்டும். 'என்னை நீக்கியது செல்லாது' என்று கோர்ட் அறிவிக்கக் கேட்கும் விளம்புகை வழக்குக்குக் காலவரம்பு மூன்று ஆண்டுகள். அதற்காக ஆறப்போட்டால் இடைக்காலத் தடை கேட்கும்போது, 'இவ்வளவு நாள் என்ன செய்தீர்கள்?' என்ற கேள்வி வரும்.

ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். இடைக்காலத் தடை எளிதில் கிடைக்காது. மூன்று முறை முதலமைச்சராக இருந்த ஓ. பன்னீர்செல்வம், 2022 ஜூலை 11 பொதுக்குழுவில் தம்மை நீக்கிய தீர்மானத்துக்குத் தடை கேட்டார். 2023 மார்ச்சில் உயர் நீதிமன்றத் தனி நீதிபதி மறுத்தார். ஆகஸ்டில் இரு நீதிபதிகள் அமர்வும் மறுத்தது. நீங்களே வென்றாலும், கட்சி முறையாக நோட்டீஸ் அனுப்பி, விசாரித்து, மறுபடி நீக்குவதை உங்களுக்குக் கிடைத்த தீர்ப்பு தடுக்காது.

உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் நேரடியாக ரிட் போட்டால் சீக்கிரம் முடியுமாமே? (வள்ளியூர்)

முடியாது. ரிட் என்பது உயர் நீதிமன்றத்தில் நேரடியாகத் தாக்கல் செய்யும் மனு. அது பொதுவாக அரசுக்கும் பொதுக் கடமை ஆற்றும் அமைப்புகளுக்கும் எதிரானது. கட்சியின் உட்சண்டைக்குப் பொருந்தாது. எதிர்வாதி வசிக்கும் இடத்திலோ, வழக்குமூலம், அதாவது வழக்குக்குக் காரணமான நிகழ்வு, முழுதாகவோ பகுதியாகவோ எழுந்த இடத்திலோ சிவில் வழக்குப் போடுங்கள். நீக்கல் கடிதம் உங்கள் வீட்டுக்கு வந்திருந்தால், உங்கள் ஊர் முன்சீப் கோர்ட்டிலேயே வழக்குப் போட அதைக் காட்டி வாதிடலாம்.

உறுப்பினர் படிவத்தை வாங்க மறுக்கிறார்கள். சேர்த்துக்கொள்ளச் சொல்லிக் கோர்ட் உத்தரவிடுமா? (களக்காடு)

உத்தரவிடாது. யாரோடு சேர்ந்து இயங்குவது என்பதும் சங்கம் அமைக்கும் உரிமைக்குள் அடக்கம் என்று 1971-ல் தமயந்தி நாரங்கா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

நான் மாநகராட்சிக் கவுன்சிலர். கட்சி நீக்கினால் பதவி போய்விடுமா? (மேலப்பாளையம்)

போகாது. அரசமைப்பின் பத்தாவது அட்டவணையான கட்சித் தாவல் தடைச் சட்டம் எம்.பி., எம்.எல்.ஏ.க்களுக்கு மட்டும்தான். 2024 ஜனவரியில் நெல்லை மேயர் மீது ஆளுங்கட்சிக் கவுன்சிலர்களே நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவந்ததை நீங்கள் அருகிலிருந்தே பார்த்திருப்பீர்கள். அதற்காகக் கவுன்சிலர் பதவியைப் பறிக்க அந்த அட்டவணையில் வழியில்லை.

எம்.எல்.ஏ. நிலைமை வேறு. 1991-ல் அ.தி.மு.க. சார்பில் வென்று, பிறகு நீக்கப்பட்ட இருவர் வேறு கட்சியில் சேர்ந்தார்கள். நீக்கப்பட்டாலும் அவர்களைத் தேர்தலில் நிறுத்திய கட்சியின் உறுப்பினராகவே கருத வேண்டும் என்று கூறி, அவர்களது தகுதியிழப்பை 1996-ல் ஜி. விஸ்வநாதன் வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. கட்சி வெளியே தள்ளினாலும் சபைக்குள் கயிறு அறுவதில்லை. கட்சித் தலைமை நீக்கிவிட்டது, இனி நான் சுதந்திரப் பறவை என்று நினைத்தவர்கள் பதவியிழந்தது இப்படித்தான்.

ஒன்றியக் கட்சி அலுவலகச் சாவியை எதிர் அணி வைத்துக்கொண்டு எங்களை உள்ளே விட மறுக்கிறது. பூட்டை உடைக்கலாமா? (சேரன்மகாதேவி)

கூடவே கூடாது. உடைத்தால் உங்கள் மீதுதான் கிரிமினல் வழக்கு வரும். கைகலப்பு மூளும் என்று போலீஸ் அறிக்கை தந்தால், உங்கள் ஊரிலேயே இருக்கும் சார் ஆட்சியர் அலுவலகம் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 164-வது பிரிவில் நடவடிக்கை எடுக்கும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 145-வது பிரிவுதான் இது. அங்கே பார்ப்பது யாருக்குச் சொந்தம் என்பதை அல்ல. யாருடைய அனுபவத்தில் இருந்தது என்பதை மட்டும்தான். கடைசி இரண்டு மாதத்துக்குள் பலவந்தமாக வெளியேற்றப்பட்டிருந்தால் அதையும் கணக்கில் எடுப்பார்கள். 2022 ஜூலையில் ராயப்பேட்டை அ.தி.மு.க. தலைமை அலுவலகத்துக்குச் சீல் வைத்ததும் அந்தப் பழைய பிரிவில்தான். அதே மாதம் உயர் நீதிமன்றம் அந்தச் சீலை அகற்றி, சாவியை எடப்பாடி பழனிசாமியிடம் கொடுக்கச் சொன்னது.

சின்னம் எந்த அணிக்கு என்பதை 1968-ம் ஆண்டுச் சின்னங்கள் ஆணையின்படி தேர்தல் ஆணையம் முடிவு செய்யும். கட்டடம் யாருக்கு என்பதைச் சிவில் கோர்ட்தான் சொல்ல வேண்டும். பத்திரம் கட்சியின் பெயரில் இருக்கிறதா, பழைய ஒன்றியச் செயலாளரின் சொந்தப் பெயரில் இருக்கிறதா என்று வில்லங்கச் சான்று எடுத்துப் பாருங்கள். வாடகைக் கட்டடம் என்றால் ரசீது யார் பெயரில் என்பதையும், மின் கட்டணம் கட்டியது யார் என்பதையும் சேர்த்து எழுதி அனுப்புங்கள்.