முட்டியில் நீர் கோத்திருக்கிறது, ஊசி போட்டு எடுக்கலாமா?

கேள்வி: எனக்கு 43 வயது. திருப்பூரில் பனியன் கம்பெனியில் தையல் வேலை. ஐந்து வாரமாக இடது முட்டி மட்டும் வீங்கி வலிக்கிறது. விழவில்லை, அடிபடவில்லை. எக்ஸ்ரே நார்மல், யூரிக் ஆசிட் 5.4, ஆர்.ஏ. டெஸ்ட் நெகட்டிவ். மாத்திரை போட்டால் குறைகிறது, நிறுத்தினால் திரும்பி வந்துவிடுகிறது. நீரை ஊசியால் எடுத்துப் பார்க்கலாம் என்கிறார் டாக்டர். ஒருமுறை எடுத்தால் ஊறிக்கொண்டே இருக்கும் என்று மாமியார் தடுக்கிறார்.

பதில்: எடுக்கச் சொல்லுங்கள், தள்ளிப்போடாதீர்கள். உங்கள் மாமியார் சொல்வதை வாரத்துக்கு நாலு பேரிடமாவது கேட்கிறேன். ஒழுகுகிற வீட்டில் வாளியைக் காலி செய்ததால்தான் மறுபடி ஒழுகியது என்று யாராவது சொல்வார்களா? நீர் ஊறுவதற்கான காரணம் உள்ளே இருக்கும்வரை எடுத்தாலும் ஊறும், எடுக்காவிட்டாலும் ஊறும்.

முதலில், வீக்கம் மூட்டுக்குள்தானா என்று பாருங்கள். காலை நீட்டி உட்கார்ந்தால் முட்டிச் சில்லின் இரண்டு பக்கமும் லேசான குழி தெரியும். இடது காலில் அது நிரம்பி, சில்லுக்கு மேலேயும் உப்பியிருந்தால் நீர் மூட்டுக்குள்தான் இருக்கிறது. சில்லின் மேலேயே தோலுக்கடியில் மெத்தென்று பை மாதிரி இருந்தால் அது வேறு கதை, பெரும்பாலும் முட்டி போட்டு வேலை செய்கிறவர்களுக்கு வருவது. மெஷின் மேல் பழி போட வேண்டாம், முட்டியால் தள்ளுகிற லீவர் வலது பக்கம்தானே இருக்கும்!

கையில் இருக்கும் ரிப்போர்ட்டுகளை வைத்து நிம்மதி அடையவும் முடியாது, பயப்படவும் தேவையில்லை. எக்ஸ்ரே எலும்பைத்தான் காட்டும், ஜவ்வையும் மூட்டின் உள்தோலையும் காட்டாது. முடக்குவாதம் உள்ளவர்களிலேயே ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு ஆர்.ஏ. நெகட்டிவாகத்தான் வரும். யூரிக் ஆசிட் மூட்டில் படிகமாகப் படிந்து வருகிற கவுட்டிலும், வலி உச்சத்தில் இருக்கும்போது ரத்தத்தில் அது சில சமயம் நார்மலாகக் காட்டி ஏமாற்றும்.

நீர் எடுப்பது ஐந்து, பத்து நிமிட வேலை. படுக்க வைத்து, சுத்தமாகத் துடைத்து, மரத்துப்போகும் மருந்து போட்டு, சில்லின் பக்கவாட்டில் ஊசி இறக்குவார்கள். நல்ல முட்டிக்குள் ஒரு டீஸ்பூன் அளவுகூட நீர் இருக்காது, வீங்கிய முட்டியில் 40, 50 மில்லிகூட வரும். சிரிஞ்சைப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். வெளிர் மஞ்சளாக, பின்னால் பேப்பரைப் பிடித்தால் எழுத்து தெரிகிற தெளிவில் வந்தால் தேய்மானமோ ஜவ்வுக் கிழிசலோ இருக்கலாம், நீரில் வெள்ளணுக்களும் பொதுவாக ஒரு கன மில்லிமீட்டருக்கு 2,000-க்குள் இருக்கும். கஞ்சித் தண்ணீர் மாதிரி கலங்கி, எண்ணிக்கை அதற்கு மேல் போனால் அழற்சி. 50,000-ஐத் தாண்டினால் சீழ் என்று சந்தேகித்து அன்றைக்கே அட்மிட் செய்ய வேண்டியிருக்கும்.

எனக்குக் கோபம் வருகிற இடம் ஒன்று உண்டு. எடுத்த நீரை அப்படியே குப்பையில் கொட்டிவிட்டு, அதே ஊசி வழியாக ஸ்டீராய்டு ஏற்றி அனுப்பிவிடுவது. செல் எண்ணிக்கை, படிகம், கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர், காசநோய்க்கான சிபிநாட் டெஸ்ட், நாலுக்கும் அனுப்புகிறீர்களா என்று நீங்களே கேளுங்கள். கிருமி இல்லை என்று தெரியும்வரை ஸ்டீராய்டு ஊசிக்குச் சம்மதிக்காதீர்கள்.

காசநோய் என்றதும் எனக்கு இருமலே இல்லையே என்பீர்கள். ஒரே ஒரு முட்டி, அடிபடாமல், அதிகச் சூடில்லாமல் வாரக்கணக்கில் மெதுவாக வீங்கினால் நம் ஊரில் அதை நினைக்காமல் இருக்கக் கூடாது. நெஞ்சு எக்ஸ்ரே சுத்தமாக இருந்தும் முட்டியில் காசநோய் இருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு பஸ் கண்டக்டர் எட்டு மாதம் வலி மாத்திரையிலேயே ஓட்டிவிட்டு வந்தார், அதற்குள் குருத்தெலும்பு அரித்துவிட்டது. நீரில் கிருமி சிக்காவிட்டால், உள்தோலில் சிறு துண்டு எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கும். சீக்கிரம் தெரிந்தால் பெரும்பாலும் மாத்திரையே போதும், அரசு மருத்துவமனையில் இலவசமாகவே கொடுக்கிறார்கள்.

டாக்டரிடம் போகும்போது இதையெல்லாம் அவர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்: காலையில் அரை மணி நேரத்துக்கு மேல் முட்டி இறுகிக் கிடக்கிறதா, சமீபத்தில் வயிற்றுப்போக்கோ நீர்க்கடுப்போ வந்ததா, கண் சிவந்ததா, சொரியாசிஸ் உண்டா, வீட்டில் யாருக்காவது காசநோய் இருந்ததா. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிட்டால் கட்டாயம் சொல்லுங்கள்.

நடுவில் காய்ச்சல் வந்து, முட்டி சிவந்து கொதித்து, மடக்கவே முடியாமல் போனால் அப்பாயின்ட்மென்ட்டுக்குக் காத்திருக்காமல் அன்றே எமர்ஜென்சிக்குப் போய்விடுங்கள். சுகர் இருந்தால் இன்னும் அவசரம்.

அதுவரை துணியில் சுற்றிய ஐஸ் ஒரு தடவைக்குப் பதினைந்து நிமிடம் வைக்கலாம், எண்ணெய் போட்டு அழுத்தித் தேய்க்க வேண்டாம். மெடிக்கலில் பொட்டலமாகக் கட்டித் தருகிற மாத்திரை வேண்டவே வேண்டாம், அதில் ஸ்டீராய்டு இருக்கலாம். அப்புறம், முட்டிக்கடியில் தலையணை வைத்துத் தூங்குகிறீர்களா? சுகமாகத்தான் இருக்கும், ஆனால் மடங்கின நிலையிலேயே இறுகிவிடும். தலையணையைக் குதிகாலுக்கடியில் வைத்து, முட்டி நீண்டிருக்கும்படி படுங்கள்.