பதில்: 42 − 17 = 35 என்று எழுதும் மகள்

இரண்டாம் வகுப்பு மகள் 42-இலிருந்து 17ஐக் கழித்தால் 35 என்கிறாள், வகுப்பிலோ இந்த வாரம் முழுவதும் குச்சி வைத்து விளையாட்டுதான், நோட்டில் ஒரு வரிகூட இல்லை என்று கேட்டிருந்தீர்கள்.

அந்த 35 கவனக்குறைவு அல்ல. 2-இலிருந்து 7 போகாது என்பதால் 7-இலிருந்து 2ஐக் கழித்து 5 போட்டிருக்கிறாள். பிறகு 4-இல் 1 போக 3. இந்த வயதில் மிகச் சாதாரணமாக வரும் பிழை இது. கழித்தல் தெரிகிறது, இடமதிப்புதான் இன்னும் பிடிபடவில்லை. அதற்குத்தான் அந்தக் குச்சிகள்.

வீட்டிலும் ஈர்க்குச்சிகளைப் பத்துப் பத்தாக ரப்பர் பேண்டில் கட்டுங்கள். நான்கு கட்டு, இரண்டு உதிரி. "பதினேழு கொடு" என்று கேளுங்கள். உதிரி போதாமல் விழிப்பாள். அப்போது வாயைத் திறக்காதீர்கள், அதுதான் கடினம்! ஒரு கட்டை அவளே அவிழ்க்கட்டும். மூன்று கட்டு, பன்னிரண்டு உதிரி என்றாகும். கொடுத்தபின் 25 மிஞ்சும். அதன் பிறகு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். 50 − 26 போன்ற கணக்கைக் கடைசிக்கு வையுங்கள். பூஜ்யம் வந்தால் பழைய பிழை திரும்பும், 36 என்பாள்.

'மொட்டு' நிலையில் வைத்திருக்கிறார்கள் என்று வருந்தியிருந்தீர்கள். தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் 2022-இல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' என்ற அடிப்படைக் கல்வித் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்பவை கற்றல் நிலைகள். தேர்ச்சிப் பட்டியல் அல்ல. நிலை மாறும். வாய்ப்பாட்டை இப்போதே திணிக்க வேண்டாம் என்பது என் கருத்து.