அந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்

கேள்வி: கல்யாணமாகி எட்டு வருடம். மகள் இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். கணவர் குடித்துவிட்டு அடிப்பார். ஆடி மாதம் கை எலும்பு முறிந்து அரசு மருத்துவமனையில் கட்டுப் போட்டேன். மாடிப்படியில் விழுந்ததாகச் சொல்லிவிட்டேன். என் நகையெல்லாம் மாமியார் பீரோவில். மகளிர் காவல் நிலையத்தில் புகார் கொடுத்தேன். இரு தரப்பையும் கூப்பிட்டுப் பேசி ஒரு கடிதம் தயார் செய்திருக்கிறார்கள், நகல் இணைத்துள்ளேன். திங்கட்கிழமை கையெழுத்து. வீடு மாமியார் பெயரில் இருப்பதால் எனக்கு அங்கே பாத்தியதை இல்லை என்கிறார்கள். கையெழுத்துப் போட்டுவிட்டு அம்மா வீட்டுக்குப் போய்விடவா? இல்லை, நாத்தனார், அவர் கணவர் உட்பட எல்லார் மேலும் கேஸ் போடவா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, மதுரை

பதில்: மாமியாரின் குத்தல் பேச்சு, வளைகாப்பில் நடந்த அவமானம், நாத்தனார் தூண்டிவிடுவது என்று நீங்கள் பக்கம் பக்கமாக எழுதியிருப்பதையெல்லாம் படித்தேன். உங்கள் வலியை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் நீதிமன்றத்தில் நீங்கள் போடப்போகும் மனுவில் இவற்றுக்கு ஐந்து வரிக்கு மேல் இடம் கிடையாது. இன்று முக்கியமான விஷயம் ஒன்றே ஒன்று: நீங்கள் இன்னும் அந்த வீட்டில்தான் இருக்கிறீர்கள், திங்கட்கிழமை நீங்களே சம்மதித்து வெளியேறுவதாக எழுதித் தரப் போகிறீர்கள்.

வீடு யார் பெயரில் என்பதை முதலில் முடித்துவிடுவோம். மாமியார் வீட்டில் மருமகளுக்கு உரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2006-ல் சொன்னது உண்மை. அதே நீதிமன்றம் 2020 அக்டோபரில் சதீஷ் சந்தர் அகுஜா வழக்கில் அதை மாற்றிவிட்டது. கணவனோடு குடும்பமாக வாழ்ந்த வீடு மாமனார், மாமியார் பெயரில் இருந்தாலும், 2005-ம் ஆண்டு குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்படி அங்கே தொடர்ந்து வசிக்க உங்களுக்கு உரிமை உண்டு. சட்டப்படி இல்லாமல் யாரும் உங்களை வெளியேற்ற முடியாது. இது வசிக்கும் உரிமை மட்டும்தான். வீட்டில் பங்கு கிடைக்கும் என்று எண்ண வேண்டாம்.

இப்போது அந்தக் கடிதம். நீங்கள் அனுப்பிய நகலில் மூன்று வாக்கியங்கள் இருக்கின்றன. வக்கீலாக இதே வாக்கியங்களைப் பல பெண்களின் வழக்குக் கட்டுகளில் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் கையெழுத்துப் போட்ட பிறகுதான் அவர்கள் என்னிடம் வந்தார்கள்.

'இருவரும் மனமொத்துப் பிரிந்து வாழச் சம்மதிக்கிறோம்.' படிக்க மரியாதையாக இருக்கிறது. ஆனால் ஜீவனாம்சம் பற்றிய பிரிவை எடுத்துப் பாருங்கள். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 125, இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144. பரஸ்பர சம்மதத்தோடு பிரிந்து வாழும் மனைவிக்கு ஜீவனாம்சம் கிடையாது என்று அதில் தெளிவாகவே எழுதியிருக்கிறது. நீங்கள் மனு போடும் நாளில் எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் நீட்டுவது இந்தக் காகிதமாகத்தான் இருக்கும். மிரட்டலில் போட்ட கையெழுத்து, விவரம் தெரியாமல் போட்டது என்று நாங்கள் வாதாடலாம், ஜெயிக்கவும் செய்யலாம். அதற்குள் எத்தனை வாய்தா போகும், அதுவரை குழந்தையின் பள்ளிக் கட்டணத்தை யார் கட்டுவது?

'நகைகள், சீர்வரிசைப் பொருட்கள் யாவும் பெற்றுக்கொண்டேன்.' பெற்றுக்கொண்டீர்களா? பீரோ சாவி மாமியார் இடுப்பில் இருப்பதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். 'கையெழுத்துப் போடும்மா, அடுத்த வாரம் கொடுத்துடுவாங்க' என்பார்கள். அந்த அடுத்த வாரம் வந்து நான் பார்த்ததில்லை. கல்யாண ஆல்பத்தில் எந்தெந்த நகை போட்டிருக்கிறீர்கள் என்று பார்த்து, கிடைத்த பில்களோடு ஒரு பட்டியல் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நகையைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி உத்தரவிட மாஜிஸ்திரேட்டுக்கு அதிகாரம் உண்டு. வாங்கிக்கொண்டதாக நீங்களே எழுதிக் கொடுத்துவிட்டால் அந்த வேலை பல மடங்கு கஷ்டமாகிவிடும்.

மூன்றாவது, 'இனி கணவர் மீதோ குடும்பத்தார் மீதோ எந்தப் புகாரும் இல்லை.' காவல் நிலையத்தில் உங்கள் மனு முடித்து வைக்கப்படுவது இந்த வரியால்தான். உங்களுக்கு இதனால் எந்த லாபமும் இல்லை. குடும்ப வன்முறை பற்றித் தகவல் வந்தால் பாதுகாப்பு அலுவலர், இலவச சட்ட உதவி, நீதிமன்ற உத்தரவு ஆகியவற்றைப் பற்றி உங்களுக்கு எடுத்துச் சொல்வது போலீஸின் கடமை; குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் 5-வது பிரிவே அதற்காக இருக்கிறது. பஞ்சாயத்து பேசி எழுதி வாங்க எந்தப் பிரிவும் சொல்லவில்லை. திங்கட்கிழமை போங்கள், போகாமல் இருக்க வேண்டாம். 'வக்கீலிடம் காட்டிவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவேன்' என்று மட்டும் சொல்லுங்கள். புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்திருக்கவில்லை என்றால் கேட்டு வாங்குங்கள்.

மருத்துவமனை விஷயம். 'மாடிப்படியில் விழுந்தேன்' என்று மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டு நகலில் (ஏ.ஆர். காப்பி) பதிவாகியிருக்கும். அடிபட்ட பெண்களில் பாதிப் பேர் இப்படித்தான் சொல்கிறார்கள், அடித்தவனே பக்கத்தில் நிற்கும்போது வேறென்ன சொல்வது? அதை மனுவில் மறைக்காதீர்கள். யார் கூட வந்தது, ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்பதை நீங்களே எழுதிவிடுங்கள். குறுக்கு விசாரணையில் அவர்கள் வாயிலிருந்து முதலில் வெளிவந்தால் உங்கள் வழக்கு முழுவதையும் பொய் என்பார்கள்.

எல்லார் மேலும் கேஸ் போடுவது பற்றி: வேண்டாம். கணவனும் அவன் உறவினர்களும் செய்யும் கொடுமைக்கான பழைய 498ஏ இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 85-வது பிரிவு. குடும்பத்தில் ஒருவர் விடாமல் பெயரைச் சேர்த்த புகார்களை உச்ச நீதிமன்றம் ரத்து செய்துகொண்டே வருகிறது. 2024 டிசம்பரிலும் அப்படி ஒரு தீர்ப்பு வந்தது. தீபாவளிக்கு வந்துபோகும் நாத்தனாரையும் அவர் கணவரையும் இழுத்தால், அவர்கள் உயர் நீதிமன்றம் போய் வெளியே வருவார்கள், கூடவே உங்கள் புகாரின் நம்பகத்தன்மையும் போகும். அடித்தது யாரோ, அவர் மேல் மட்டும், தேதியோடு எழுதுங்கள்.

செய்ய வேண்டியது குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் 12-வது பிரிவு மனு. மாவட்ட சமூக நல அலுவலகத்தில் இருக்கும் பாதுகாப்பு அலுவலர் மூலமாகவும் போடலாம், நேராக மாஜிஸ்திரேட்டிடமும் போடலாம். பெண் என்பதாலேயே வருமானம் பார்க்காமல் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் கொடுக்கும். 60 நாளில் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம்; நடைமுறையில் இழுக்கும். அதனால் அடிக்கக் கூடாது, வெளியேற்றக் கூடாது, மாதச் செலவுக்குக் கொடுக்க வேண்டும் என்ற இடைக்கால உத்தரவுக்கான மனுவை அன்றே சேர்த்துப் போடச் சொல்லுங்கள்.

அதன் பிறகு, கசப்பாக இருந்தாலும் சொல்கிறேன், சமாதானமாகப் பேசி முடியுங்கள். மாமியார் வீட்டு மாடியில் காலம் முழுக்கப் போராடி வாழ்வது வாழ்க்கை இல்லை. மூத்த குடிமக்கள் சட்டத்தில் உங்களை வெளியேற்றச் சொல்லி மாமியார் தரப்பு கோட்டாட்சியரிடம் மனு போடும், நீங்கள் அதற்கும் அலைய வேண்டும். தனி வீட்டுக்கு வாடகை கேட்கச் சட்டத்திலேயே வழி இருக்கிறது. வாடகை, குழந்தையின் படிப்பு, நகை, முடிந்தால் ஒரு மொத்தத் தொகை என்று பேசுங்கள். ஆனால் பேசும் இடம் நீதிமன்ற சமரச மையமாக இருக்கட்டும். பணம் டி.டி.யாகக் கைக்கு வந்த பிறகுதான் கடைசிக் கையெழுத்து. குழந்தைக்கான ஜீவனாம்சத்தை நீங்கள் விட்டுக்கொடுத்ததாக ஒரு வரியும் இருக்கக் கூடாது.

இவ்வளவும் சொன்னதற்காக, அடி வாங்கிக்கொண்டு அந்த வீட்டிலேயே உட்கார்ந்திருக்கச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். இன்று ராத்திரி அவர் கை ஓங்கினால் மகளைக் கூட்டிக்கொண்டு அந்த நிமிடமே கிளம்புங்கள். அடிக்குப் பயந்து வெளியேறிய பெண்ணுக்கு அந்த வீட்டில் உரிமை போகாது. உச்ச நீதிமன்றம் 2022-ல் பிரபா தியாகி வழக்கில் அதைச் சொல்லிவிட்டது. அவசர உதவி எண் 112-க்கோ மகளிர் உதவி எண் 181-க்கோ கூப்பிடுங்கள், தங்க இடமில்லை என்றால் அதையும் சொல்லுங்கள். மறுநாள் காலையில் நடந்ததை எழுதி, தேதி போட்டு, பாதுகாப்பு அலுவலரிடம் கொடுத்து ரசீது வாங்குங்கள். ஆதார், ரேஷன் கார்டு, மகளின் பிறப்புச் சான்றிதழ் மூன்றையும் இப்போதே அம்மா வீட்டில் கொண்டுபோய் வைத்துவிடுங்கள்.